<, ∠ குழப்பம் தீர: கொழிஞ்சாம்பாறை டியூஷனிலிருந்து சில வழிகள்

வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வருகிற வரி இது:

<கசட < 90°

முதலில் இருப்பது ∠ என்று எழுத வேண்டிய கோணக் குறி, கசட என்பது அந்தக் கோணத்தின் பெயர், நடுவில் இருப்பது 'விடச் சிறியது' என்கிற குறி. எழுதிய பிள்ளைக்கு இது தெரியுமா என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. "இதையே 90-இல் தொடங்கி எழுது" என்று சொல்லுங்கள். தெரிந்த பிள்ளை 90° > ∠கசட என்று எழுதும். தெரியாத பிள்ளை 90° > >கசட என்று இரண்டையும் சேர்த்துத் திருப்பி வைக்கும். கோணத்தைத் திருப்பிப் போட்டு என்ன செய்ய? ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யாரும் பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் டியூஷன் எடுப்பது கொழிஞ்சாம்பாறையில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் மீடியம் படிக்கிறவர்கள், மலையாள மீடியம், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இங்கிலீஷ் மீடியம் போகிறவர்கள், எல்லாரும் சாயங்காலம் ஒரே பாயில் உட்காருவார்கள். ஒருத்தி கோணம் என்பாள், பக்கத்தில் இருப்பவன் கோண் என்பான், இன்னொருவன் ஆங்கிள் என்பான். குறி மட்டும் மூன்று பேருக்கும் ஒன்றே. அதனால் நான் குறியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை படிக்கிற பிள்ளையோடு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற அம்மா, அப்பா, அக்காமாருக்காக இதை எழுதுகிறேன்.

புத்தகத்தில் புள்ளிகளுக்கு ஏ, பி, சி என்றும் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்றும் இருக்கும். நான் இங்கே க, ச, ட, ய என்று தமிழ் எழுத்துகளை வைக்கிறேன். கணக்கு மாறாது.

எது எந்தக் குறி

குறிக்கு இடப் பக்கம் பாருங்கள். அங்கே ஒரு எண்ணோ எழுத்தோ கோணமோ, ஏதாவது ஒரு அளவு இருந்தால், அது ஒப்பிடுகிற குறி. < என்பதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் அது நிற்காது. ∠ அப்படியில்லை. பெயருக்கு முன்னால் 'திருமதி' போடுகிற மாதிரி, வலப் பக்கம் ஒரு பெயர் இருந்தால் அதற்குப் போதும். ∠கசட என்றால் "கசட என்கிற கோணம்" என்று ஒரு பெயர் சொன்னோம், அவ்வளவே. அதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ∠கசட < 90° என்று எழுதின பிறகுதான் ஒரு வாக்கியம் முடிகிறது.

ஆகவே என் டியூஷனில் ஒரு கட்டளை உண்டு. எழுதின வரியை வாய்விட்டு முழு வாக்கியமாகப் படிக்க வேண்டும். "கசட என்கிற கோணம் தொண்ணூறு டிகிரியை விடச் சிறியது." படிக்க வராத வரியை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. 90° > >கசட என்பதை யாராலும் வாய்விட்டுப் படிக்க முடியாது. இரண்டாவது 'விடப் பெரியது' வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும். நான் திருத்த வேண்டிய வேலை அங்கேயே மிச்சம்.

அப்புறம் கை. கோடு போட்ட நோட்டில் ∠ குறியின் கீழ்க்கோடு நோட்டின் கோட்டின் மேலேயே படுத்திருக்க வேண்டும். அதன் முனை இடது மூலையில், கோட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும். < குறியோ இரண்டு வரிக்கு நடுவில் நிற்கும். அதன் கூர் முனை நடு உயரத்தில் இருக்கும், இரண்டு கையும் சாய்ந்தே இருக்கும், ஒன்றுகூடப் படுக்காது. அவசரத்தில் எழுதும்போது ∠ குறியின் கீழ்க்கோடு மெல்லக் கீழே சரியும். அங்கேதான் அது < ஆக மாறுகிறது. ஒரு பக்கம் முழுக்க ∠ போட்டுப் பழகச் சொல்லுங்கள், முதலில் கீழ்க்கோடு, பிறகு சாய்கோடு. சின்ன வேலைதான். ஆனால் பரீட்சைத் தாளில் மார்க் காப்பாற்றுவது இதுதான்.

பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குழப்பத்துக்கு வயது நானூறு ஆகப் போகிறது. < > குறிகள் அச்சில் வந்தது 1631-இல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தில். அவர் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் அது வெளியானது. மூன்றே வருடம் கழித்து, 1634-இல், பிரான்சில் பியர் எரிகோன் என்பவர் கோணத்துக்கும் கிட்டத்தட்ட அதே < வடிவத்தைப் போட்டு எழுதினார். கீழ்க்கோடு படுத்த ∠ குறியும் அவர் எழுத்தில் உண்டு. நல்லவேளை, பின்னால் வந்தவர்களிடம் அதுதான் நிலைத்தது.

எந்தப் பக்கம் திறக்கும்

முதலையின் வாய் பெரிய எண்ணைத் தின்னும் என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. 3, 8 என்று இருக்கும் வரை முதலை சரியாகத் தின்னும். −7, −3 என்று வந்தால் அதற்கு எது பெரிய தீனி என்று தெரியாது. "7தானுங்களே டீச்சர் பெருசு?" என்று கேட்டுக்கொண்டு −7 பக்கம் வாயைத் திறந்து வைப்பார்கள்.

அதற்குப் பதில் எண்கோடு போடச் சொல்வேன். நடுவில் 0, வலப்பக்கம் 1, 2, 3, இடப்பக்கம் −1, −2, −3. இரண்டு எண்ணில் இடப்பக்கம் இருப்பது சிறியது. விதி அவ்வளவுதான், விதிவிலக்கு கிடையாது. நம்பாத பிள்ளைக்கு மூணாற்றைச் சொல்லலாம். அங்கே சில குளிர்காலங்களில் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் புல் மேல் உறைபனி படியும். ஒருநாள் −1°, மறுநாள் −3° என்றால் எந்த நாள் குளிர் அதிகம் என்று கேளுங்கள். −3 என்று உடனே சொல்வார்கள். அப்படியானால் வெப்பம் எதில் குறைவு? அதே −3. ஆகவே −3 < −1.

இன்னொரு தொல்லை நம் தமிழில் பேசுகிற முறையால் வருவது. "எட்டை விட மூணு சின்னது" என்று நாம் எட்டை முதலில் சொல்கிறோம். பிள்ளை காதில் விழுந்த வரிசையிலேயே 8 என்று எழுதி, 'சின்னது' என்பதற்கு < போட்டு, 3 எழுதிவிடும். 8 < 3. கேட்டது சரி, எழுதியது தப்பு. வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது "மூணு, எட்டை விடச் சின்னது" என்று, எழுதுகிற வரிசையிலேயே சொல்லுங்கள். காதுக்குக் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆனால் வரிசை ஒட்டிப் போகும்.

குறைந்தது, மிகாமல், வரை

அடியில் ஒரு கோடு சேர்ந்த ≤, ≥ இரண்டும் வரும்போது வாக்கியக் கணக்குகள் தொடங்கிவிடும். ≤ என்றால் 'சிறியது அல்லது சமம்'. 'மிகாமல்', 'அதிகபட்சம்', 'தாண்டக் கூடாது' என்று கணக்கில் வந்தால் ≤ போட வேண்டும். 'குறையாமல்', 'குறைந்தபட்சம்', 'குறைந்தது' என்று வந்தால் ≥. இந்தக் கடைசி வகையில்தான் முக்கால்வாசிப் பேர் விழுவார்கள். 'குறைந்தது' என்று காதில் விழுந்ததும் கை தானாக < போட்டுவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப் புழைப் பாசனத்துக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஜூலை 1 முதல் மறு வருடம் ஜூன் 30 வரை 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர வேண்டும். எந்த விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், "குறைந்தது 7.25 வேணும்" என்றால் 7.25-க்கு மேலே வந்தால் சண்டை போடுவீர்களா, கீழே வந்தால் போடுவீர்களா? கீழே வந்தால்தான். அப்படியானால் நாம் கேட்பது

த ≥ 7.25

இங்கே த என்பது தண்ணீரின் அளவு. சரியாக 7.25 வந்தாலும் சண்டை இல்லை, அதற்குத்தான் அடியில் அந்தக் கோடு.

எல்லையில் சமம் உண்டா இல்லையா என்பதைக் கவனிக்க ரயில் டிக்கெட் நல்லது. திருச்செந்தூர் ரயில் பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிறது. அதில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து ஆகி, பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்கு அரை டிக்கெட். பன்னிரண்டு ஆகிவிட்டால் முழு டிக்கெட். வயதை வ என்று வைத்தால் அரை டிக்கெட் ஆட்கள்:

5 ≤ வ < 12

இதை நடுவிலிருந்து படிக்க வேண்டும்: "வயது, ஐந்தோ அதற்கு மேலோ, ஆனால் பன்னிரண்டை விடக் குறைவு." எண்கோட்டில் 5-இன் மேல் நிறைத்த புள்ளி, 12-இன் மேல் வெறும் வட்டம், இரண்டுக்கும் நடுவே தடித்த கோடு. நிறைத்த புள்ளி என்றால் அந்த எண்ணும் சேர்த்தி, வெறும் வட்டம் என்றால் அதன் ஓரம் வரை போகலாம், அதைத் தொடக் கூடாது. பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் அரை டிக்கெட்டு, பிறந்தநாள் அன்று முழு டிக்கெட்டு. வெறும் வட்டம் சொல்வது அதைத்தான்.

மைனஸால் வகுத்தால் ஏன் திரும்புகிறது

சமக் குறிக்குப் பதில் இப்படி ஒப்பிடுகிற குறி வருகிற வரிக்கு அசமன்பாடு என்று பெயர். அதைத் தீர்ப்பதில் பெரும்பகுதி சமன்பாடு மாதிரியேதான். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். பூஜ்யத்தை விடப் பெரிய எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். குறி அசையாது. மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ மட்டும் குறியைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள், பிறகு மறந்தும் விடுவார்கள். காரணத்தைக் கண்ணால் பார்த்தால் மறக்காது.

ஒரு பையன் கையில் 200 ரூபாய். நோட்டு ஒன்று 35 ரூபாய். பஸ்ஸுக்கும் டீக்கும் 60 ரூபாய் மிச்சம் வைக்க வேண்டும். எத்தனை நோட்டு வாங்கலாம்? நோட்டின் எண்ணிக்கை ந. இதை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம், செலவெல்லாம் சேர்த்து 200-க்கு மிகாமல்:

35ந + 60 ≤ 200
35ந ≤ 140
ந ≤ 4

இரண்டாவது விதம், நோட்டு வாங்கினது போக மிச்சம் 60-க்குக் குறையாமல்:

200 − 35ந ≥ 60
−35ந ≥ −140

இப்போது −35-ஆல் வகுக்க வேண்டும். குறியைத் திருப்பாமல் விட்டால் ந ≥ 4 என்று வரும். அதாவது, நாலு நோட்டாவது வாங்க வேண்டும், நாற்பது வாங்கினாலும் காசு மிஞ்சும். எந்தக் கடைக்காரர் கொடுப்பார்? திருப்பினால் ந ≤ 4, முதல் விதத்தில் வந்த அதே விடை. பையன் ஒருத்தன்தான், காசும் அதேதான், ஆகவே விடையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

எண்கோட்டிலும் காட்டலாம். 2 < 5, ஏனென்றால் 2 இடப்பக்கம் இருக்கிறது. இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −2, −5. பூஜ்யத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்தது போல எல்லாம் மறுபக்கம் போய்விட்டன, இடம் வலம் மாறிவிட்டது. இப்போது −5 இடப்பக்கம். ஆகவே −2 > −5.

விடை ந ≤ 4 என்று வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவார்கள். ந என்பது நோட்டு. அரை நோட்டு கிடையாது, மைனஸ் நோட்டும் கிடையாது. ஆகவே 0, 1, 2, 3, 4 என்ற ஐந்தும்தான் விடை. வயது, நீளம், எடை என்றால் இடையில் உள்ள பின்னங்களும் சேரும். கேள்வி எதைப் பற்றி என்று கடைசியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோணத்துக்குப் பெயர் வைப்பது

கோணத்துக்கு மூன்று எழுத்து ஏன் என்பது பிள்ளைகளுக்குப் புரியாத புதிர். கொழிஞ்சாம்பாறையில் சாலைகள் பிரிகிற இடத்தை ஒரு புள்ளியாக வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி க. அங்கிருந்து சித்தூர் போகிற சாலையில் ஒரு புள்ளி ச, பாலக்காடு போகிற சாலையில் ப, வேலந்தாவளம் போகிற சாலையில் வ. படத்தில் பாலக்காட்டுச் சாலை மற்ற இரண்டுக்கும் நடுவில் வரட்டும். நிஜச் சாலை வளைந்து நெளிந்து போகும், படத்தில் நேர்கோடாக இருந்தால் போதும்.

∠சகப என்றால், சித்தூர்ச் சாலையிலிருந்து வந்து, கொழிஞ்சாம்பாறையில் நின்று, பாலக்காட்டுச் சாலையில் திரும்புவது. நாம் நிற்கிற இடம் எப்போதும் நடு எழுத்து. ஓர எழுத்துகள் இரண்டையும் மாற்றிப் போட்டு ∠பகச என்றும் சொல்லலாம், அதே கோணம்தான். போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் ஒன்றுதானே. ஆனால் ∠கசப என்று எழுதினால் நாம் சித்தூருக்குப் போய் நின்றுகொண்டிருக்கிறோம்.

இந்தப் படத்தில் ∠க என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்வது? ∠சகப இருக்கிறது, ∠பகவ இருக்கிறது, இரண்டும் சேர்ந்த ∠சகவ இருக்கிறது. மூன்றுக்கும் முனை க-தான். ஆகவே ஒரே முனையில் ஒன்றுக்கு மேற்பட்ட கோணம் இருந்தால் மூன்று எழுத்தும் கட்டாயம். தனி முக்கோணத்தில் முனைக்கு ஒரு கோணம்தான், அங்கே ∠க போதும்.

படத்துக்காக ∠சகப = 70°, ∠பகவ = 80° என்று வைத்தால் ∠சகவ = 150°. இப்போது இரண்டு குறியும் ஒரே வரியில்:

∠சகப < ∠பகவ < ∠சகவ

வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. சில வீடியோக்களில் கோணக் குறிக்கு முன்னால் சின்னதாக 'எம்' போட்டிருப்பார்கள். கோணத்தின் அளவு என்று அதற்குப் பொருள். நம் புத்தகங்கள் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை, கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று: கோணத்தின் அளவுக்கும் கைகளின் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. நோட்டில் நீளமாக வரைந்த 40° கோணத்தைக் காட்டி, பக்கத்தில் குட்டியாக 60° வரைந்தால், பெரிய படத்தைத்தான் பெரிய கோணம் என்பார்கள். குட்டிக் கோணத்தின் கைகளை ஸ்கேல் வைத்து நீட்டிக் காட்டுங்கள். கோணம் மாறாது, கண் மாறிவிடும்.

கோணமானியை வைக்கும் முன்

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியில் இரண்டு வரிசை எண் இருக்கும். ஒன்று இடமிருந்து 0, 10, 20 என்று போகும், மற்றது வலமிருந்து. ஒரே கோட்டில் மேலே 130, கீழே 50. எதைப் படிப்பது? பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவதை எழுதிவிடுவார்கள். 50° என்று எழுத வேண்டிய இடத்தில் 130° என்று இருக்கும், அம்மாவுக்கும் எங்கே தப்பு என்று தெரியாது.

இதற்கு அசமன்பாடுதான் மருந்து. கோணமானியைக் கையில் எடுக்கும் முன், கண்ணால் பார்த்து ஒரு வரி எழுத வேண்டும். நோட்டின் மூலை செங்கோணம், 90°. கோணத்தின் மேல் நோட்டு மூலையை வைத்துப் பார்த்தால் அதை விட ஒடுங்கியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒடுங்கியிருந்தால் ∠கசட < 90° என்று எழுது. விரிந்திருந்தால் ∠கசட > 90°. பிறகு கோணமானியை வை. முதல் வரியோடு ஒத்துப்போகிற எண்ணை மட்டும் எடு. 50-உம் 130-உம் எப்போதும் 90-க்கு எதிரெதிர்ப் பக்கம், ஆகவே இரண்டில் ஒன்றுதான் ஒத்துப்போகும்.

கோண வகைகளையும் இப்படியே எழுதி வைக்கலாம். குறுங்கோணம் 0°-க்கும் 90°-க்கும் இடையில், இரண்டு ஓரமும் சேராது. விரிகோணம் 90°-க்கும் 180°-க்கும் இடையில், அங்கேயும் ஓரம் சேராது. சரியாக 90° என்றால் செங்கோணம், சரியாக 180° என்றால் நேர்கோணம். எண்கோட்டில் போட்டால் குறுங்கோணத்துக்கும் விரிகோணத்துக்கும் இரண்டு ஓரமும் வெறும் வட்டம்தான்.

ஈர்க்குச்சி முக்கோணம்

தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊர், ஆகவே ஈர்க்குச்சியில் செய்யலாம். 5 செ.மீ., 7 செ.மீ. நீளத்தில் இரண்டு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது குச்சியின் நீளம் என்னவாக இருந்தால் முக்கோணம் மூடும்? 13 வெட்டினால் 5-உம் 7-உம் எட்டிப் பிடிக்காது. 12 வெட்டினால் இரண்டும் அதன் மேல் சப்பையாகப் படுத்துவிடும், முக்கோணம் எழும்பாது. 11 என்றால் மூடும். கீழ்ப் பக்கமும் எல்லை உண்டு. 2 செ.மீ. என்றால் 5-உம் 2-உம் சேர்ந்து 7-இன் மேல் படுத்துவிடும். ஆகவே மூன்றாவது நீளம் ம என்றால்

2 < ம < 12

ஏன் 2-இலும் 12-இலும் வெறும் வட்டம் என்று சொல்லவே வேண்டாம், படுத்த குச்சிகளைப் பார்த்தவர்களுக்கு.

11 வெட்டினதை எடுங்கள். கச = 5, சட = 7, கட = 11. பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் இருக்கும். கட-வுக்கு எதிரே இருப்பது ச, சட-வுக்கு எதிரே க, கச-வுக்கு எதிரே ட. ஆகவே அளக்காமலே சொல்லலாம்:

∠ட < ∠க < ∠ச

கோணமானி வைத்துப் பார்த்தால் சுமார் 20°, 28°, 132° வரும். பக்கம் 5-லிருந்து 11 ஆனது இரண்டு மடங்கு சொச்சம்தான், கோணமோ ஆறு மடங்குக்கு மேல். வரிசை ஒத்துப்போகும், மடங்கு ஒத்துப்போகாது. பக்கத்தைப் பார்த்துக் கோணத்தின் அளவை ஊகிக்கிற பிள்ளைகள் நிறைய, ஆகவே இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்.

இரண்டும் சேர்ந்து வரும் கணக்கு

எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வரும்: ∠கசட ஒரு குறுங்கோணம், அதன் அளவு (3ய + 15)°. ய எந்த எல்லைக்குள் இருக்கும்? குறுங்கோணம் என்ற சொல்லை உடனே அசமன்பாடாக மாற்ற வேண்டும்.

0 < 3ய + 15 < 90

மூன்று இடத்திலும் 15 கழித்தால் −15 < 3ய < 75. மூன்று இடத்திலும் 3-ஆல் வகுத்தால் −5 < ய < 25. வகுத்தது மைனஸ் எண் இல்லை, ஆகவே குறி திரும்பவில்லை. இங்கே "ய மைனஸா வருதுங்களே டீச்சர், கோணம் மைனஸ் ஆகுமுங்களா?" என்று ஒரு குரல் வரும். நல்ல கேள்வி சாமி. கோணம் ய இல்லை, 3ய + 15. ய-க்கு −4 போட்டுப் பார், −12 + 15 = 3°. கோணம் பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது.

விடையைச் சரிபார்க்க எல்லைக்குள் ஒரு எண், வெளியே ஒரு எண் போடுங்கள். 10 போட்டால் 45°, குறுங்கோணம். 30 போட்டால் 105°, விரிகோணம், ஆகாது. இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தாலே குறி திரும்பிவிட்டதா என்பது தெரிந்துவிடும்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் ∠ எழுத வழி தெரியாததால்தான் பாதிப் பேர் < போட்டு அனுப்புகிறார்கள். எம்.எஸ். வேர்டில் 2220 என்று அடித்து, உடனே ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தினால் ∠ வந்துவிடும். 2264-க்கு ≤, 2265-க்கு ≥. போனில் ஒருமுறை எங்கிருந்தாவது ∠ குறியை நகலெடுத்துத் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொண்டால் வேண்டும்போது எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் 'கோணம் கசட' என்று எழுத்தில் எழுதட்டும், நான் மார்க் குறைக்க மாட்டேன்.

ஒரு கணக்கு மிச்சம், பிள்ளையிடம் கொடுங்கள். ∠பகச விரிகோணம், அளவு (2ய + 10)°. ய-இன் எல்லை என்ன? 40 < ய < 85 என்று வர வேண்டும். 40 ≤ ய என்று எழுதியிருந்தால், ய-க்கு 40 போட்டு என்ன கோணம் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.